தோற்பதற்கு ஒரு லைசன்ஸ்

மாடி வீட்டுக்காரர் தொடர்ந்து முப்பத்தெட்டு முறை தோற்றிருந்தார். அவரைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அது அவர் தொழில். திங்கள் முதல் வெள்ளி வரை சுவருக்குப் பெயிண்ட் அடிப்பார். வாரக் கடைசியில் போன் வந்தால் ஏதாவது ஒரு ஊருக்குப் போய், அந்த ஊர்ப் பையனோடு நாலு ரவுண்டோ ஆறு ரவுண்டோ குத்துச்சண்டை போட்டு, பாயிண்டில் தோற்றுவிட்டு அன்றைக்கே வீடு திரும்புவார். திங்கட்கிழமை காலையில் மறுபடி பக்கெட்டும் ரோலருமாகப் படி இறங்கிப் போவார். பதினேழு வருஷமாக இதுதான். பதிமூன்று வெற்றி, நாலு சமன், நூற்றிருபத்தொரு தோல்வி.

நான் அவருக்கு நேர் கீழ் வீட்டில் குடியிருந்தேன். தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கிற வேலை. விடியுமுன் போய்விட்டு மத்தியானம் வந்து படுப்பேன். எழுந்திருக்க எனக்கு அலாரம் தேவைப்பட்டதே இல்லை. சாயங்காலம் நாலரை மணிக்கு என் தலைக்கு மேலே அவர் கயிறு தாண்ட ஆரம்பிப்பார், என் மின்விசிறி ஆட ஆரம்பிக்கும். ஒருநாள் சண்டை போடலாம் என்று மேலே ஏறிப் போனேன். கதவைத் திறந்தவர் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் வந்த விஷயமே மறந்துபோய், ஒரு டீ குடித்துவிட்டு இறங்கி வந்தேன். அன்றிலிருந்து பழக்கம்.

தோற்பது என்றால் ஏனோதானோவென்று தோற்பது இல்லை. வளர்ந்து வருகிற பையன்களுக்கு எதிரே நிற்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் லேசில் விழக்கூடாது, விழுந்தால் டிக்கெட் வாங்கி வந்தவர்களுக்கு ஏமாற்றம். பையனுக்குக் காயம் பண்ணவும் கூடாது, பண்ணினால் அடுத்த முறை கூப்பிட மாட்டார்கள். தனக்கும் காயம் படக்கூடாது, பட்டால் டாக்டர் ஒரு மாதம் உட்கார வைத்துவிடுவார். இவ்வளவையும் பார்த்துக்கொண்டு நாலு ரவுண்டு ஓட்டுவது லேசுப்பட்ட காரியமா? இவரை யாரும் தோற்றுக்கொடு என்று கேட்டதில்லை. கேட்டிருந்தால் கேட்டவரைத்தான் முதலில் விழ வைத்திருப்பார். ஆனால் எதிரே நிற்பது எப்போதும் இருபது வயசுப் பையன், அவன் ஊர், அவன் கூட்டம். அதற்கு மேல் இவர் ஜெயித்துத் தொலைத்தால் போன் நின்றுவிடும் என்பது இவருக்கும் தெரியும், இவர் கைகளுக்கும் தெரியும். பதினேழு வருஷத்தில் ஒருத்தன்கூட அவரைக் கீழே தள்ளி நடுவரை எண்ண வைத்ததில்லை. அதைச் சொல்லும்போது மட்டும் அவர் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்.

கடிதம் வந்தது மழைக்காலம் தொடங்கிய வாரத்தில். குத்துச்சண்டைச் சங்கத்தின் முத்திரை போட்ட நீள உறை. அன்று விடிகாலையில் என் கையாலேயே எங்கள் தெருவுக்குப் போகிற கடிதக் கட்டில் சேர்த்து அனுப்பியிருந்தேன். லைசன்ஸ் புதுப்பிப்பு என்றுதான் நினைத்தேன். சாயங்காலம் கயிற்றுச் சத்தம் கேட்கவில்லை. ஐந்து மணி வரை பார்த்துவிட்டு மாடிக்குப் போனேன்.

சமையலறையில் எல்லோரும் இருந்தார்கள். வீட்டம்மா பள்ளி வேன் ஓட்டுகிறவர். ஏதோ ஒரு குழந்தை சீட்டில் வாந்தி எடுத்ததைக் கழுவிவிட்டு அப்போதுதான் வந்து, ஈரக் கையோடு நின்றார். அவர் தம்பி மேஜையில் உட்கார்ந்து வெந்த முட்டைகளை உரித்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரு முனையில் முடிதிருத்தும் கடை. சண்டை நாட்களில் கடையை மூடிவிட்டு, ரிங்கில் மாமாவின் மூலையில் துண்டும் படிகாரமுமாக நிற்பார். சவரக் கத்தி பிடித்த கை என்பதால் ரத்தத்தை நிறுத்துவதில் கெட்டிக்காரர், பேச்சை நிறுத்துவதில் அல்ல. மகள் கல்லூரியில் படிக்கிறாள். அவள்தான் கடிதத்தை இரண்டாம் தரம் படித்துக்கொண்டிருந்தாள்.

விஷயம் இதுதான். தொடர்ந்து முப்பத்தெட்டு தோல்வி என்பது சங்கத்துக்குக் கவலை தருகிறதாம். வீரரின் பாதுகாப்பை முன்னிட்டு, அடுத்த மூன்று சண்டைகளில் ஒன்றிலாவது அவர் ஜெயித்துக் காட்ட வேண்டும். இல்லையென்றால் லைசன்ஸ் கிடையாது.

"அதாவது, தொடர்ந்து தோக்கணும்னா இவர் ஒரு தடவ ஜெயிக்கணும்" என்றார் தம்பி. யாரும் சிரிக்கவில்லை. தானும் சிரிக்காமல் அடுத்த முட்டையை எடுத்துக்கொண்டார்.

பெயிண்டர் ஜன்னல் ஓரமாக நின்று, விரல் நகத்தில் ஒட்டியிருந்த வெள்ளைப் பெயிண்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார். அவரிடம் கோபம் இல்லை. என்ன செய்வதென்று தெரியாத முகம். பெயிண்ட் அடிப்பது வயிற்றுக்கு, ரிங்குக்குள் ஏறுவது தனக்கு என்று என்னிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறார். நாற்பது ஊர் அரங்குகளில் அவருக்கு ஆள் தெரியும். மணி அடிக்கிறவரின் மூட்டு வலி தெரியும். அவரை அடித்துவிட்டுப் பெரிய ஆளாகிப்போன பையன்கள் இன்றைக்கும் அண்ணே என்று வந்து கட்டிக்கொள்வார்கள். அதெல்லாம் ஒரு தாளில் முடிந்துவிடும் என்பது அவருக்குப் பிடிபடவில்லை.

வீட்டம்மாவுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். இந்த வருஷத்தோடு விட்டுவிடுங்கள் என்று பத்து வருஷமாகச் சொல்லி வருகிறவர் அவர். சண்டைக்கு வேனில் கூட்டிப்போவார், கூட்டி வருவார். ஒருநாளும் அரங்குக்குள் கால் வைத்ததில்லை. வேனிலேயே கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அவர் கையைத் துடைத்துவிட்டுக் கடிதத்தை வாங்கினார். படித்தார். மடித்து முட்டைப் பாத்திரத்துக்கு அடியில் வைத்தார்.

"நிறுத்தணும்னா நான் நிறுத்துவேன். இல்ல, அவரா நிறுத்தணும். இவங்க யாரு?"

பிறகு கணவரைப் பார்த்தார். "என்னங்க, ஒண்ணே ஒண்ணு ஜெயிச்சுட்டு வாங்க. அப்புறம் எவ்வளவு வேணா தோத்துக்கலாம்."

அன்றிலிருந்து அந்த வீட்டில் வேறு பேச்சே இல்லை.

முதலில் தரகருக்குப் போன் போட்டார்கள். சண்டைக்கு ஜோடி சேர்த்து வைக்கிற ஆள். கல்யாணத் தரகரைப் போலவே இரண்டு பக்கமும் நல்லதாகவே பேசுவதால் அந்தப் பெயர். இவரால் ஜெயிக்க முடிகிற ஓர் ஆளாகப் பார்த்துப் போடுங்கள் என்று தம்பி கெஞ்சினார். போனை எல்லோருக்கும் கேட்கும்படி மேஜையில் வைத்திருந்தார்கள்.

"என்கிட்ட இருக்கறதெல்லாம் ஜெயிக்கிற பசங்கப்பா. தோக்கறதுக்குன்னு நம்பி வெச்சிருந்த ஒரே ஆள் உங்க மாமாதான். அவரை அவர் கூடவே மோத விடவா?" என்றார் தரகர்.

முதல் சண்டை அடுத்த வாரமே வந்தது. ஜெயிக்க வேண்டும் என்று கிளம்பிப் போய், வழக்கத்தைவிட மோசமாகத் தோற்றுவிட்டு வந்தார். முன்னே போய் அடிக்க வேண்டும் என்கிற நினைப்பில், அடி வாங்காமல் இருக்கிற வித்தையும் கைவிட்டுப் போயிற்று. கன்னம் வீங்கி, திங்கட்கிழமை வேலை செய்த வீட்டில் ஏணியிலிருந்து விழுந்ததாகச் சொன்னாராம். குத்துச்சண்டைக்காரர் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிற மனிதர் பொய் சொன்னது அதுதான் முதல் தடவை. கேட்டபோது எனக்கு என்னவோ போல இருந்தது.

இரண்டாவது சண்டைதான் கொடுமை. இரண்டாம் ரவுண்டில் அவருடைய வலது கைக்குத்து ஒன்று பையனின் தாடையில் சரியாக இறங்கிவிட்டது. பையனுக்குக் கால் தள்ளாடியது. இன்னும் ஒன்று போட்டிருந்தால் காரியம் முடிந்திருக்கும். இவர் என்ன செய்தார்? ஓர் அடி பின்னால் போய் நின்று, "பரவாயில்லையா தம்பி?" என்று கேட்டார். பையன் மரியாதையாகத் தலையாட்டினான். பிறகு தெளிந்து, மிச்ச ரவுண்டுகளையும் சண்டையையும் ஜெயித்துக்கொண்டு போனான். தம்பி மூலையில் நின்று துண்டால் தன் தலையிலேயே அடித்துக்கொண்டாராம்.

தொடர்ந்து நாற்பதாவது தோல்வி. மிச்சம் ஒரே ஒரு சண்டை. அதற்கு ஒரு மாதம் இருந்தது.

மழை விடாமல் பெய்தது. வெளிச்சுவர் வேலை எல்லாம் நின்றுவிட்டது. உள் சுவருக்கும் பட்டி பூசினால் காய மூன்று நாள் ஆயிற்று. பெயிண்டர் மத்தியானமே வீட்டுக்கு வந்துவிடுவார். கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிய கொடியில் துணிகள் காயாமல் தொங்கும். அதற்கடியில் குனிந்து குனிந்து அவர் பயிற்சி செய்வார். எடை ஏறக்கூடாது என்பதால் காரட்டும் கீரையும் போட்ட சூப், உப்புக் குறைவாக. அவர் மட்டும் குடித்தால் பாவம் என்று வீட்டம்மாவும் அதையே குடித்தார். குடித்துவிட்டு, மனுஷன் குடிப்பானா இதை என்று தினமும் ஒருமுறை கேட்டார்.

அப்படி ஒரு சாயங்காலம் மகள் தன் கணினியைச் சமையலறைக்குக் கொண்டுவந்தாள். மாமன் தன் போனில் எடுத்து வைத்திருந்த பழைய சண்டைகளை எல்லாம் வாங்கி, வாரம் முழுக்க உட்கார்ந்து பார்த்திருந்தாள்.

"அப்பா, இங்க பாரு. நீ நல்லா ஒண்ணு அடிக்கிற. உடனே ரெண்டடி பின்னால போற. இந்தச் சண்டையிலயும் அப்படித்தான். இதுலயும்தான். நல்ல அடி விழற போதெல்லாம் நீயே அவனுக்கு மூச்சு விட நேரம் குடுத்துடற."

அது திருப்பி வருகிற அடியிலிருந்து தப்பிக்க என்றார் அவர். தம்பியும் ஆமாம் என்றார், தற்காப்பு என்றார், கால் வேலை என்று அரை மணி நேரம் விளக்கினார். வீட்டம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்து, திரையைக் குனிந்து பார்த்தார். இன்னொரு தடவை போடச் சொன்னார்.

"இது சண்டைப் பழக்கம் இல்ல, பெயிண்டர் பழக்கம்" என்றார். "நம்ம கூடத்துக்கு அடிச்சப்ப பார்த்தேனே. ஒரு இழுப்பு இழுப்பீங்க. உடனே ரெண்டடி பின்னால போய் தலையைச் சாய்ச்சு நின்னு, சரியா வந்திருக்கான்னு பார்ப்பீங்க. இங்கயும் தலையைச் சாய்ச்சிருக்கீங்க, பாருங்க."

பார்த்தோம். சாய்த்துத்தான் இருந்தார். பெயிண்டர் எங்களுக்கு முன்னால் சிரித்துவிட்டார். கண்ணில் தண்ணீர் வருகிற வரை சிரித்தார். பதினேழு வருஷமாகத் என் அடியை நானே நின்று அழகு பார்த்திருக்கிறேன் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். கடிதம் வந்த பிறகு அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது அன்றைக்குத்தான்.

வைத்தியத்தையும் வீட்டம்மாவே கண்டுபிடித்தார். அவர் பயிற்சி செய்யும்போது பின்னால் போய் நின்று, முதுகின் நடுவில் உள்ளங்கையைப் பதித்துக்கொண்டார். அவர் குத்துவார், பின்னால் சாய்வார், கை தடுக்கும். மறுபடி குத்துவார், மறுபடி சாய்வார், கை தடுக்கும். தினமும் ஒரு மணி நேரம். இடது கை கணவர் முதுகில், வலது கையில் போன். நாளைக்கு வேன் பத்து நிமிஷம் தாமதமாக வரும் என்று குழந்தைகளின் வீடுகளுக்குச் சொல்லிக்கொண்டே நிற்பார். நடுநடுவே போனில் இருப்பவர்களிடம் பேசுகிறாரா கணவரிடமா என்று தெரியாமல், "முன்னால போங்க" என்று ஓர் அதட்டல் வரும். கீழே என் கூடத்தில் உட்கார்ந்திருந்தால் எனக்கு இரண்டு ஜோடிக் கால்களின் சத்தம் கேட்கும். முதல் வாரம் இரண்டும் ஒரே இடத்தில் கிடந்து மிதித்தன. இரண்டாம் வாரம் மெல்ல நகர ஆரம்பித்தன. மூன்றாம் வாரம் கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை போய், அலமாரியில் இடித்து நின்றன. சத்தத்துக்காகச் சண்டை போடப் போனவன், அன்றைக்கு அலமாரி இடிபட்ட சத்தம் கேட்டுக் கைதட்டினேன்.

மூன்றாவது சண்டை ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். காலையில் மழை விட்டு நல்ல வெயில் அடித்தது. தம்பி என்னையும் வா என்று கூப்பிட்டார். பள்ளி வேனில் சீட்டெல்லாம் சின்னது. முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்து, வாழைப்பழத் தோலும் கலர் பென்சிலும் கலந்த வாசனையோடு இரண்டு மணி நேரம் போனோம். பெயிண்டர் கடைசி சீட்டில் காலை நீட்டித் தூங்கிவிட்டார். எதிராளியைப் பற்றித் தம்பி எங்களுக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். இருபத்திரண்டு வயசு, ஏழு சண்டையில் ஏழும் வெற்றி, அந்த ஊரிலேயே பெரிய டைல்ஸ் கடைக்காரரின் மகன்.

வேனை நிறுத்தியதும் நாங்கள் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினோம். வீட்டம்மாவும் இறங்கினார். வேனைப் பூட்டி, சாவியைக் கைப்பையில் போட்டார். தம்பி என்னை ஓரமாக இழுத்து, நான் அக்கா பக்கத்திலேயே உட்கார வேண்டும் என்றும், எழுந்தால் எப்படியாவது உட்கார வைக்க வேண்டும் என்றும் சொன்னார். முப்பது குழந்தைகளை ஒரு குரலில் உட்கார வைக்கிற பெண்ணை நான் எப்படி உட்கார வைப்பது என்று கேட்டேன்.

கூடைப்பந்து ஆடுகிற அரங்கு. தரையில் கோடுகள், கோடுகளின் மேல் பிளாஸ்டிக் நாற்காலிகள், நடுவில் ரிங். முக்கால்வாசிப் பேர் டைல்ஸ் கடையின் பெயர் போட்ட நீலச் சட்டையில் இருந்தார்கள். வெளியூர் ஆள்தான் முதலில் வர வேண்டும் என்பது முறை. பெயிண்டர் பாட்டும் இல்லாமல் விளக்கும் இல்லாமல் நடந்து வந்தார். வழியில் மணி அடிக்கிறவரிடம் குனிந்து மூட்டு வலி எப்படி இருக்கிறது என்று கேட்டார். மிதியடியில் காலைத் துடைத்துக்கொண்டு ரிங்குக்குள் ஏறினார். பிறகு விளக்கெல்லாம் அணைந்து, பாட்டு அலறி, பையன் வந்தான். நல்ல பையன். முகத்தில் கர்வம் இல்லை. கால்கள் தரையில் நிற்கவே இல்லை.

நாலு ரவுண்டு. நடுவர் ஒருவர்தான், பாயிண்ட் போடுகிறவரும் அவரே. ஒல்லியான, சிரிக்காத மனிதர்.

முதல் ரவுண்டு பையனுடையது. பெயிண்டர் கையை உயர்த்தி, தோளைக் குறுக்கி, பழைய மாதிரியே நின்றார். அடிகள் முழங்கையிலும் தோளிலும் விழுந்தன. கூட்டத்துக்குக் கேட்கிற சத்தம் எல்லாம் வெறும் சத்தம்தான் என்று எனக்கு அதற்குள் தெரிந்திருந்தது. வீட்டம்மா கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இமைக்காமல் பார்த்தார்.

இரண்டாம் ரவுண்டின் நடுவில் பெயிண்டர் ஓர் இடது கைக்குத்து விட்டார். விழுந்தது. அவர் பின்னால் போகவில்லை. உடம்பு சாய்ந்தது, கால் போகவில்லை. இன்னொன்று விட்டார். பக்கத்தில் வீட்டம்மாவின் உள்ளங்கை முன் நாற்காலியின் முதுகில் அழுத்திக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். அந்த நாற்காலிக்காரர் திரும்பிப் பார்த்தார். இவர் கவனிக்கவில்லை. அந்த ரவுண்டு யாருக்கு என்று சொல்ல முடியாதபடி முடிந்தது.

மூன்றாம் ரவுண்டில்தான் அது நடந்தது. பையன் வலது கையை நீட்டி வந்தபோது பெயிண்டர் அதற்கடியில் குனிந்து, விலாவுக்குக் கீழே இடது கையை ஏற்றினார். கூரைக்கு ரோலர் ஏற்றுகிற அதே கை. பையனுக்கு முகம் வெளுத்து, வாய் திறந்து, முழங்கால் மடங்கியது. விழப்போகிறான். பெயிண்டர் சட்டென்று இரண்டு கையையும் அவன் அக்குளில் கொடுத்து, விழாமல் பிடித்துக்கொண்டார்.

அவரைச் சொல்லிக் குற்றம் இல்லை. எதிராளியும் விழாமல் பார்த்துக்கொள்வதுதானே இத்தனை வருஷத்து வேலை. கை தானாகப் போய்விட்டது. பையன் அவர் தோளில் தலையைச் சாய்த்து மூச்சு வாங்கினான். இவர் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தார். தம்பி மூலையில் வாயடைத்து நின்றார். அவர் வாயடைத்து நின்றதை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. வீட்டம்மா எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

"என்னங்க, அவனைத் தூக்கிப் பிடிக்கவா ரெண்டு மணி நேரம் வண்டி ஓட்டிட்டு வந்தேன்? கைய எடுங்க."

கடைசி சீட்டுக் குழந்தைக்கும் கேட்கிற குரல் அது. நீலச் சட்டைகள் உட்பட மொத்தக் கூட்டமும் சிரித்தது. டைல்ஸ் கடைக்காரரே சிரித்தார். நடுவர் மட்டும் சிரிக்காமல் வந்து இருவரையும் பிரித்து விட்டார். அதற்குள் பையனுக்கு மூச்சு வந்துவிட்டது. ஆனால் பெயிண்டரின் முகம் மாறியிருந்தது. வெட்கத்தில் காது வரை சிவந்து, வாயைக் கெட்டியாக மூடிக்கொண்டு, முன்னால் போனார்.

நாலாவது ரவுண்டை நான் என்னவென்று சொல்வேன். அதற்கப்புறம் அவர் ஓர் அடிகூடப் பின்னால் வைக்கவில்லை. பையனும் விட்டுக்கொடுக்கவில்லை. ரோஷக்காரன், வாங்க வாங்கத் திருப்பிக் கொடுத்தான். மூன்று நிமிஷமும் இரண்டு பேரும் ரிங்கின் நடுவிலேயே நின்று அடித்துக்கொண்டார்கள். பெயிண்டரின் உதடு கிழிந்தது. நீலச் சட்டைகளில் பாதிப்பேர் யாருக்காகக் கத்துகிறோம் என்று தெரியாமல் கத்தினார்கள். நானும் நாற்காலி மேல் ஏறி நின்றிருந்தேன். எப்போது ஏறினேன் என்று தெரியாது. வீட்டம்மாதான் என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரச் சொன்னார்.

மணி அடித்தது. இரண்டு பேரும் கட்டிக்கொண்டார்கள். பெயிண்டர் பையனின் காதில் ஏதோ சொன்னார், அவன் கையைப் பிடித்து மேலே தூக்கிக் கூட்டத்துக்குக் காட்டினார். எல்லாச் சண்டையிலும் முடிந்தவுடன் அவர் செய்கிற காரியம். தம்பி வந்து கையுறையின் கட்டை அவிழ்த்தார், தோளில் துண்டைப் போட்டார். இரண்டு பேரும் கயிற்றை விலக்கிப் படியில் இறங்கி, உடை மாற்றுகிற அறையைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்கள். முடிவு சொல்கிற வரை நிற்கிற பழக்கம் அவர்களுக்கு விட்டுப்போய் வருஷம் பல ஆகியிருந்தது. நடுவர் தாளில் எழுதிக்கொண்டிருந்தார். யாரும் கவனிக்கவில்லை.

வீட்டம்மா நாற்காலிகளுக்கு நடுவே புகுந்து போய், வழியை மறித்து நின்றார். நான் பின்னாலேயே ஓடினேன்.

"எங்க போறீங்க?"

"முடிஞ்சிடுச்சு. நீ வண்டியை எடு. உதட்டுக்குக் கொஞ்சம் ஐஸ் வெச்சுட்டு வந்துடறேன்."

"முடியல. அங்க போய் நில்லுங்க."

அவர் போய்த்தான் என்ன ஆகப்போகிறது என்பது போலப் பார்த்தார். பையனின் ஊர், பையனின் கூட்டம், நெருக்கமான சண்டை. இப்படிப்பட்ட கணக்கு எந்தப் பக்கம் சாயும் என்று அவருக்குத் தெரியாதா.

"இத்தனை வருஷம் நான் ஏன் உள்ள வரலன்னு நினைச்சீங்க?" என்றார் வீட்டம்மா. குரல் தாழ்ந்திருந்தது. "நீங்க அடி வாங்கறதைப் பார்க்க பயந்துகிட்டா? அது இல்ல. முன்னெல்லாம் அடுத்தவன் கையைத் தூக்கறப்ப பக்கத்துல நின்னு நீங்க சிரிப்பீங்கன்னு இவன் சொல்லியிருக்கான். அதை என்னால பார்க்க முடியாது, அதான். இன்னைக்குப் பார்க்கணும்னுதான் வந்திருக்கேன். எது நடந்தாலும் சரி. போய் நில்லுங்க."

அவர் திரும்பினார். தொங்குகிற கையுறைக் கட்டோடு, தோளில் துண்டோடு, மறுபடி படியேறினார். நடுவர் இருவரையும் இரண்டு பக்கமும் நிறுத்திக் கையைப் பிடித்துக்கொண்டார். பாயிண்ட் முப்பத்தொன்பதுக்கு முப்பத்தெட்டு என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். பெயிண்டர் பையனைப் பார்த்துச் சிரித்தபடி, காலியாக இருந்த கையால் தன் தொடையில் தட்டி அவனுக்குக் கைதட்ட ஆரம்பித்தார். அந்த நேரத்தில் அவருடைய இன்னொரு கை மேலே போனது. அவர் அதை அண்ணாந்து பார்த்தார். பிறகு நடுவரைப் பார்த்தார்.

"சார், ஆள் மாத்தித் தூக்கிட்டீங்க."

ஒலிபெருக்கி பக்கத்திலேயே இருந்ததால் அரங்கு முழுக்கக் கேட்டது. அந்தச் சிரிக்காத மனிதரின் மீசைக்கடியில் ஏதோ அசைந்தது.

"எனக்கு ஆள் தெரியும்யா. நிமிர்ந்து நில்லு."

பெயிண்டர் நிமிர்ந்து நின்றார். பையன்தான் முதலில் ஓடிவந்து அவரை இடுப்போடு தூக்கினான். தம்பி கயிற்றைத் தாண்டுகிறேன் என்று அதிலேயே கால் சிக்கிக்கொண்டு தொங்கினார். வீட்டில் இருந்த மகளுக்குச் சொல்ல வேண்டும் என்று போனை எடுத்த நான், வேறு யாருக்கோ போட்டுவிட்டேன். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். வீட்டம்மா அதே இடத்தில் நின்றார். கத்தவில்லை, கைதட்டவும் இல்லை. கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கக்கூடத் தோன்றாமல், மேலே போயிருந்த அந்தக் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

லைசன்ஸ் பத்தே நாளில் வந்தது. நான் அதைத் தெருக் கடிதக் கட்டில் சேர்க்காமல், கையெழுத்துப் போட்டு என் பையிலேயே எடுத்து வந்தேன். ஆனால் தரகர் கோபித்துக்கொண்டு ஒரு மாதம் போனே செய்யவில்லை. ஊர்ப் பையனை அடித்த ஆளை எந்த ஊரில் கூப்பிடுவார்கள் என்பது அவர் கேள்வி. அந்த மாதம் பெயிண்டர் கயிறு தாண்டுவதைக் கேட்டால் பாவமாக இருக்கும். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை போன் வந்தது. யாருக்கோ காய்ச்சல், மறுநாள் மத்தியானமே சண்டை, வர முடியுமா என்று கேட்டார். அவர் கேட்டு முடிக்குமுன் வருகிறேன் என்றார் பெயிண்டர்.

வீட்டம்மா இந்த முறையும் வேனைப் பூட்டிக்கொண்டு உள்ளே வந்தார். எதிராளி நிஜமாகவே கெட்டிக்காரப் பையன், இன்னும் இரண்டு வருஷத்தில் பெரிய பட்டம் வாங்குவான் என்றார்கள். பெயிண்டர் நாலு ரவுண்டும் தோற்றார். முன்னே போகவும் பார்த்தார், முடியவில்லை. ஆனால் அவர் மேல் ஓர் அடியும் சுத்தமாக விழவில்லை. கடைசியில் பையனின் கை மேலே போனது. இவர் பக்கத்தில் நின்று சிரித்தார். வீட்டம்மா முகத்தைத் திருப்பாமல் முழுக்கப் பார்த்தார்.

திரும்பும்போது அவரை முன் சீட்டில் உட்கார வைத்துக்கொண்டார். சாவியைப் போட்டவர், வண்டியைக் கிளப்பவில்லை.

"ரெண்டாவது ரவுண்டுல அவன் இடது கை வந்துச்சே. கடைசி நொடியில தலையை எடுத்தீங்க பாருங்க. பக்கத்துல ஒரு ஆளு, ஐயோ போச்சுன்னு கண்ண மூடிட்டான். நான் மூடல. எனக்குத் தெரியும், உங்களுக்கு விழாதுன்னு."

பெயிண்டர் அவரைத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னைக்கு நல்லா தோத்தீங்க" என்றார் வீட்டம்மா.

பெயிண்டரின் கை மேலே போன அன்றைக்குக்கூட அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. வீட்டம்மா கண்ணாடியைச் சரிசெய்து, எங்களை எல்லாம் ஒழுங்காக உட்காரச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.